டிவி பாட்டுப் போட்டி முடிஞ்சதும் என்ன பண்ணணும்: டேரியஸ் கிட்ட இருந்து கத்துக்கலாம்

போட்டில ஜெயிக்கலன்னா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கிறவங்க ஸ்காட்லாந்து கிளாஸ்கோல பிறந்த பாடகர் டேரியஸ் கேம்பல் டானேஷ் கதையைப் பாருங்க. 2001ல பாப்ஸ்டார்ஸ்ங்கிற டிவி போட்டில பாடினப்போ பிரிட்டன் முழுக்க அவரைக் கிண்டல் பண்ணுச்சு, வயசு 20 தான் பாவம், ஆனா முடியை வெட்டிட்டு அடுத்த வருஷமே பாப் ஐடல்ங்கிற இன்னொரு டிவி போட்டில வந்து நின்னு மூணாவது இடம் வாங்கினார். அதனால முதல் வேலை, கேலிக்குப் பயந்து ஒளிஞ்சுக்காதீங்க.

ரெண்டாவது தான் ரொம்ப முக்கியம். பாட்டுக் கம்பெனி கான்ட்ராக்ட் நீட்டினா உடனே கையெழுத்துப் போடாதீங்க. பாப் ஐடல் நடுவர் சைமன் கோவெல் கூப்பிட்டும் டேரியஸ் வேணாம்னு சொல்லிட்டு மெர்குரிங்கிற பாட்டுக் கம்பெனிக்குப் போய், தானும் சேர்ந்து எழுதின கலர்பிளைண்ட் பாட்டை 2002 கோடையிலேயே இறக்கினார், பிரிட்டன் சார்ட்ல, அதாவது பாட்டு விற்பனைப் பட்டியல்ல, நேரா நம்பர் 1. ஜனங்க மறக்குறதுக்குள்ள சொந்தப் பாட்டு வெளிய வரணும், அதனால போட்டி நடக்கும்போதே ரெண்டு மூணு பாட்டு எழுதி வச்சுக்கோங்க. கான்ட்ராக்டை உங்க சொந்த வக்கீல் படிக்கட்டும், கம்பெனி வக்கீல் இல்ல. பாட்டோட உரிமை யாருக்கு, எத்தனை ஆல்பம், அட்வான்ஸை எதுல இருந்து கழிப்பாங்கன்னு கேளுங்க.

அப்புறம் நடிப்பும் கத்துக்கோங்க. சார்ட்ல இடம் குறைஞ்சப்போ அவர் லண்டன் மேடைக்குப் போய் 2005ல சிகாகோங்கிற பாட்டு நாடகத்துல பில்லி ஃப்ளின்ங்கிற வக்கீல் வேஷத்துல நின்னார். 2010ல பாப் பாடகர்கள் ஆபரா பாடுற பாப்ஸ்டார் டு ஆபராஸ்டார் டிவி போட்டியில ஜெயிக்கவும் செஞ்சார். 2022ல 41 வயசுலயே போயிட்டார், எனக்கு இன்னும் மனசு கேக்கல.