உடல்வாகுக்கு ஏற்ற டிரையத்லான் பயிற்சி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து முடிக்கும் போட்டியான டிரையத்லானுக்குப் பயிற்சியைத் தொடங்க விரும்பி என்னிடம் பேசுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த ஒடம்ப வெச்சுட்டு என்னால முடியுங்களா?" ஒல்லியானவர் தன் உடலில் தெம்பு போதாது என்று அஞ்சுகிறார், பருத்தவர் ஓட்டத்தை நினைத்துத் தயங்குகிறார், உயரம் குறைந்தவர் நீச்சலில் பின்தங்கிவிடுவோம் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறார். மூவருக்கும் என் பதில், முடியும் என்பதே. ஆனால் மூவரும் ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு பயிற்சி செய்யக் கூடாது. நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றில் உங்கள் நேரம் எங்கே கசியும், உங்கள் உடல் எங்கே முதலில் நோகும் என்பதை உடல்வாகு முன்னதாகவே காட்டிக்கொடுக்கும். அதை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்தபின் பயிற்சியை எப்படி மாற்றுவது என்பதைப் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பகுதிகளின் சாலைகளையும் காற்றையும் வெயிலையும் மனத்தில் வைத்துப் படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்குவோருக்கு ஏற்றது ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தூரப் போட்டி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் நுழைந்த போட்டியின் தூரம் இதைப்போல் இருமடங்கு. அயர்ன்மேன் என்பது 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, அதன்பின் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். உடல்வாகு எதுவும் தடையில்லை என்பதற்கு வென்றவர்களே சான்று. அந்த அயர்ன்மேன் உலகப் பட்டத்தை மும்முறை வென்ற ஜெர்மனியின் யான் ஃப்ரோடினோ 194 சென்டிமீட்டர் உயரமுள்ளவர். அதே பட்டத்தைப் பெண்கள் பிரிவில் மும்முறை வென்ற ஆஸ்திரேலியாவின் மிரிண்டா கார்ஃப்ரே 161 சென்டிமீட்டர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட், ஓட்டக்காரர் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் மெலிந்த உருவத்துக்கு மாறாக, அகன்ற நெஞ்சும் திரண்ட உடலும் கொண்டவர்.

படி 1: அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள்

1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனித உடலை மெலிந்தது, தசை திரண்டது, பருத்தது என்று மூன்றாக வகுத்தார். உடலைக் கொண்டு குணத்தையும் சொல்லிவிடலாம் என்ற அவருடைய கருத்தை அறிவியல் பின்னர் ஒதுக்கிவிட்டது. 1967-இல் ஹீத், கார்ட்டர் இருவரும் அந்த வகைப்பாட்டைத் திருத்தி, ஒவ்வொருவருக்கும் கொழுப்பு, தசை, மெலிவு என மூன்று எண்களைத் தரும் முறையாக்கினார்கள். விளையாட்டு ஆய்வுகளில் இன்றும் பயன்படுவது அதுவே. அந்த முறையின்படி, எவரும் முழுக்க ஒரே வகையில் அடங்குவதில்லை. ஆகவே "நான் இந்த வகை" என்று ஒரு பெயரை ஒட்டிக்கொள்வதைவிட, ஐந்து அளவுகளை எடுத்து ஒரு நோட்டில் எழுதுவது பயன் தரும்: உயரம், காலை எழுந்தவுடன் எடை, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தபோது விரல் நுனிக்கு விரல் நுனி நீளம், இடுப்புச் சுற்றளவு, கால்களின் உள்நீளம். கடைசி அளவுக்கு, சுவரோடு ஒட்டி வெறுங்காலில் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும்.

இடுப்பளவை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் மக்களில் பலர் கைகால் மெலிந்தும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்தும் இருப்பதால், எடை இயந்திரம் மட்டும் காட்டும் எண் ஏமாற்றிவிடும். சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி இருப்பவர்களும் நாற்பதைக் கடந்தவர்களும் அடுத்த படிக்குப் போகுமுன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

படி 2: நீரில் குப்புற மிதந்து பாருங்கள்

நெஞ்சளவு ஆழமுள்ள நீச்சல் குளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்போது, மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, கைகளை முன்னே நீட்டி, முகத்தை நீருக்குள் வைத்து அசையாமல் குப்புறப் படுங்கள். உங்கள் கால்கள் எத்தனை நொடியில் கீழே இறங்குகின்றன என்று ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். நுரையீரலில் உள்ள காற்று நெஞ்சுப் பகுதியைத் தூக்குகிறது; உடலின் எடை மையமோ இடுப்பருகே இருக்கிறது; அதனால்தான் கால் இறங்குகிறது. கொழுப்பு நீரைவிட இலேசானது, தசையும் எலும்பும் கனமானவை. எனவே மெலிந்த, தசை இறுகிய ஆண்களுக்குக் கால் விரைவில் மூழ்கும்; சற்றுப் பருத்தவர்களுக்கும் பெண்களில் பலருக்கும் உடல் தானாகவே மட்டமாக நிற்கும். தன் பருமனை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு குளத்துக்கு வந்தவர், இந்தச் சோதனையில் ஒல்லியானவரைவிடச் சிறப்பாக மிதப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கால் விரைவில் மூழ்கினால் உதைப்பதை வேகப்படுத்தாதீர்கள்; அது மிதிவண்டிக்கும் ஓட்டத்துக்கும் தேவையான கால்களைத் தொடக்கத்திலேயே களைப்பாக்கும். தலையைத் தாழ்த்தி, பார்வையைக் குளத்தின் அடித்தரையில் வைத்து, நெஞ்சைச் சற்றே கீழ்நோக்கி அழுத்துங்கள். இடுப்பு தானாக எழும். நம் பக்கத்துப் பிள்ளைகள் முதுகில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்காய்க் குடுவை) கட்டிக் கிணற்றில் நீச்சல் கற்பவர்கள். தலையைத் தூக்கிவைத்தே நீந்தும் பழக்கம் அங்கே வந்துவிடும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "ஏங் கண்ணு, தலையத் தூக்குனா காலு முழுகாம என்ன பண்ணும்?" என்று கேட்டார். பின்னாளில் பயிற்றுநர் சொன்ன பாடமும் அதுவே. வெட்சூட் எனப்படும், உடலோடு ஒட்டி மிதக்கவைக்கும் ரப்பர் உடையை அணிந்தால் மூழ்கும் கால் மேலெழும் என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டு நீரின் வெப்பத்தில் அதற்குப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. ஆகவே மெலிந்தவர்கள் வாரம் மூன்று முறை குறுகிய நேரம் குளத்துக்குப் போவது, ஒரே நாளில் நெடுநேரம் நீந்துவதைவிட நல்லது.

விரித்த கைகளின் நீளம் உயரத்தைவிடக் கூடுதலாக இருப்பவர் நீண்ட, நிதானமான வீச்சுகளைப் பழகலாம். கை குட்டையானவர் வீச்சின் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் போதும். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் தனியாக நீந்திப் பழகாதீர்கள். நீரின் இழுப்பு மேலிருந்து பார்க்கும்போது தெரியாது; பிடித்து ஏறக் கரையில் பிடிமானமும் இருக்காது.

படி 3: மிதிவண்டியில் காற்றையும் மலையையும் தனித்தனியே கணக்கிடுங்கள்

உடல்வாகின் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியுமிடம் இதுதான். சமதளத்தில் ஓட்டுபவருக்கு முதன்மையான எதிரி காற்று. காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியில் உயர்வதால், மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 33-க்குப் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் தேவை. பெரிய உடலுக்குத் தசையும் பெரிது. ஆனால் எடை கூடும் அதே விகிதத்தில் காற்றை எதிர்கொள்ளும் பரப்பு கூடுவதில்லை. எனவே உடுமலையிலிருந்து பல்லடம் வரையிலான திறந்த சாலைகளில், திரண்ட உடல்வாகு கொண்டவருக்கே சாதகம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று (மேற்குக் காற்று) நம் பக்கம் பாய்கிறது. இந்தப் பகுதி முழுவதும் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். அந்த மாதங்களில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு மேற்கு நோக்கி ஓட்டும்போது, வேகமானியைப் பார்த்து மனம் தளரக் கூடாது. முழங்கையை மடக்கித் தோளைத் தாழ்த்துங்கள்; இலேசான கியரில் சீராக மிதியுங்கள். 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் ஆழமான விளிம்புள்ள சக்கரங்களை இந்தப் பருவத்தில் தவிர்த்துவிட வேண்டும், ஏனெனில் பக்கக் காற்று அவர்களை வண்டியோடு சேர்த்துச் சாலையின் நடுவுக்குத் தள்ளிவிடும்.

மலையில் கணக்கு தலைகீழாகிறது. வண்டியோடு சேர்த்து 70 கிலோ உள்ள ஒருவரும் 95 கிலோ உள்ள ஒருவரும் செங்குத்தாக 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று கொள்வோம். இருவரும் 200 வாட் ஆற்றலோடு மிதித்தால், பிற தடைகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது, முதலாமவருக்கு ஏறக்குறைய 29 நிமிடம், இரண்டாமவருக்கு 39 நிமிடம் ஆகும். பத்து நிமிட வேறுபாடும் எடையால் வருவது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் மெலிந்தவர்கள் முன்னே போய்விடுவது இதனால்தான். கனமானவர்கள் அவர்களைத் துரத்தக் கூடாது. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் பொருத்தி, பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் ஏற வேண்டும். மெலிந்தவர்கள் தங்களுக்கு எளிதான மலையிலேயே எப்போதும் சுற்றிக்கொண்டிராமல், வாரத்தில் ஒரு நாள் சமதளத்தில் எதிர்க்காற்றில் பத்து நிமிடத் துண்டுகளாக மூன்று முறை அழுத்தி ஓட்டிப் பழகட்டும்.

இருக்கை உயரத்துக்கு, முன்பு எடுத்த கால் உள்நீளத்தை 0.883-ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6 வரும், மிதிகட்டைத் தண்டுகள் இரண்டும் சுழலும் நடு அச்சிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை அந்த அளவு இருக்கட்டும். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. முழங்காலின் முன்புறம் வலித்தால் சற்று உயர்த்தியும், பின்புறம் இழுத்தால் சற்றுத் தாழ்த்தியும் சரிசெய்யலாம்.

படி 4: ஓட்டத்தை எடைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அளந்து கூட்டுங்கள்

நான் தொடங்கியபோது 88 கிலோ இருந்தேன். 58 கிலோ உள்ள நண்பர் ஒருவரின் ஓட்ட அட்டவணையை அப்படியே பின்பற்றினேன். ஆறாவது வாரத்தில் இரு கால்களிலும் முன்னெலும்பு வலி வந்து, இரண்டு மாதம் ஓட முடியாமல் போயிற்று. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. என் காலும் அவர் காலும் தாங்கிய சுமை ஒன்றல்ல என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

கனமானவர்கள் முதல் நான்கு வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தார்ச்சாலையைவிட வாய்க்கால் மேட்டு மண் தடமும் தென்னந்தோப்பு வண்டித்தடமும் காலுக்கு இதம். மூச்சுத் திறனை மிதிவண்டியில் வளர்த்துக்கொள்ளலாம். அங்கே அடியின் அதிர்ச்சி இல்லை. மெலிந்தவர்கள் கூடுதலாக ஓடலாம், ஆனால் வாரத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டாம்.

பெரிய உடல் ஓடும்போது அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்றும் தோலின் பரப்போ அதே விகிதத்தில் பெருகுவதில்லை. மிதிவண்டியில் எதிர்க்காற்று தணிக்கும் சூட்டை ஓட்டத்தில் பெரும்பாலும் வியர்வையே தணிக்க வேண்டும். ஆகவே ஈரோடு, கரூர்ப் பக்கத்து ஏப்ரல் வெயிலில் காலை ஐந்தரைக்கே ஓட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 74 கிலோ 73.1 ஆகி, இடையில் 300 மில்லிலிட்டர் குடித்திருந்தால், உங்கள் வியர்வை மணிக்கு 1.2 லிட்டர். இளநீர் நல்லதுதான்; அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: தசையும் சாப்பாடும்

மெலிந்தவர்கள் வாரம் இருமுறை உட்கார்ந்து எழுதல், தண்டால், எடை தூக்குதல் ஆகியவற்றைத் தவறாமல் செய்ய வேண்டும். தசை எளிதில் திரளும் உடல் கொண்டவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும். அவர்கள் மிச்ச நேரத்தை நிதானமான நீண்ட மிதிவண்டிப் பயணத்துக்குக் கொடுக்கலாம்.

எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று நம்பிப் பட்டினி கிடப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. உழைப்புக்கேற்ற உணவு இல்லாவிட்டால் எலும்பு நலியும், தூக்கம் கெடும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இதைத் தனியொரு உடல்நலக் கேடாகவே வரையறுத்தது. நீண்ட பயிற்சிக்கு முந்தைய இரவு அரிசிம்பருப்புச் சாதம் வயிறாரச் சாப்பிடுங்கள். பயிற்சி முடிந்ததும் கொள்ளு, முட்டை, தயிர், நிலக்கடலை ஆகியவற்றில் எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் அதற்குப் போதும்.

படி 6: 12 வாரத்துக்கு ஓர் அட்டவணை

எல்லோருக்கும் பொதுவாக வாரம் இரண்டு நீச்சல், இரண்டு மிதிவண்டி, இரண்டு ஓட்டம், ஒரு முழு ஓய்வு நாள் என்று வைத்துக்கொண்டு, மேலே கண்டறிந்ததற்கேற்ப ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கால் மூழ்குபவருக்கு ஒரு நீச்சல் கூடும். கனமானவருக்கு ஓர் ஓட்டம் குறைந்து ஒரு மிதிவண்டி கூடும். மெலிந்தவருக்கு எதிர்க்காற்று நாள் கட்டாயம். ஐந்தாவது வாரத்திலிருந்து, மிதிவண்டியை விட்டு இறங்கியவுடன் பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள். முதல் சில நிமிடங்கள் கால் கட்டையாகவே இருக்கும். பெரிய தொடைகள் உள்ளவர்களுக்கு அது இன்னும் சற்று நேரம் நீடிக்கலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். நான்காவது, எட்டாவது வாரங்களில் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த வாரக் கடைசியில் மிதப்புச் சோதனையையும் வியர்வைக் கணக்கையும் மறுபடி எடுத்து, முதல் நாள் எழுதிய அதே பக்கத்தில், பழைய எண்களுக்கு அருகே தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.