கத்திப் பிடிக்கு எலும்பு: கொழுப்பெடுத்து நிறமேற்றும் முறை

எலும்புப் பிடியில் முதன்முதலாகக் கை வைப்பவர்களுக்கு இரண்டு குறைகள் தவறாமல் வரும். நிறம் திட்டுத் திட்டாக ஏறும். ஏறிய நிறமும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் போய் வெள்ளை தெரியும். முதல் குறைக்குக் காரணம் உள்ளே தங்கிய கொழுப்பு. இரண்டாவதற்குக் காரணம், வடிவம் கொடுக்கும் முன்பே சாயம் போட்டது. சாயம் எலும்பின் மேல்தோலோடு நின்றுவிடும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. அதனால் வெட்டுவது, துளையிடுவது, இழைப்பது எல்லாம் முடிந்த பிறகே சாயத் தொட்டி.

எலும்பு

நன்கு வளர்ந்த மாட்டின் கால் எலும்பு வாங்குங்கள். நடுத்தண்டின் சுவர் 8 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். சுவர் வளைந்திருப்பதால் தட்டையாக்கும்போது கனத்தில் பெரும்பகுதி தூளாகப் போய்விடும், கத்தியின் இரு பக்கமும் ஒட்டும் பட்டைக்கு 4 மி.மீ. கனம் கிடைத்தால் நல்ல எலும்புதான். இரு முனைகளிலும் பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும் பகுதி பிடிக்கு ஆகாது, அறுத்து ஒதுக்குங்கள். சூப்புக்காகக் குக்கரில் வெந்த எலும்பும் வேண்டாம். எலும்புக்கு உறுதி தருவது சுண்ணாம்புச் சத்து மட்டுமல்ல, அதைப் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதமும்தான். அது கொதியில் கரைந்து பசையாக வெளியேறிவிட்டால் மிஞ்சுவது சாக்பீஸ்போல நொறுங்கும்.

கொழுப்பெடுப்பது

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுத்து, மஜ்ஜையைக் கம்பியால் தள்ளி, உட்குழியைப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவ சோப்பு கலந்து, 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆவி பறக்கலாம், ஒன்றிரண்டு குமிழி எழலாம். தளதளவென்று கொதிக்கக் கூடாது.

பிறகு புதிய வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். ஒரு வாரத்திலும் முடியலாம், மூன்று வாரமும் ஆகலாம். முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: எலும்பைத் துடைத்துக் காயவைத்து, வெள்ளைத் தாளின்மேல் கதகதப்பான இடத்தில் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்த் தடம் ஊடுருவித் தெரிகிறதா? தெரிந்தால் மறுபடி ஊறட்டும்.

வெளுக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒன்றிரண்டு நாள் போதும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேரும். குளோரின் பிளீச்சைத் தொடவே வேண்டாம். அது கொலாஜனைத் தாக்கும், எலும்பு நாளடைவில் மேலிருந்து உதிரும்.

காயவைப்பது நிழலில், இரண்டு மூன்று வாரம். வெயிலில் வைத்தால் நீளவாக்கில் வெடிக்கும். தராசில் நிறுத்துப் பாருங்கள். மூன்று நாள் இடைவெளியில் எடை குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

வெட்டி வடிவமாக்குவது

எலும்புத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். என்95 முகக்கவசம் இல்லாமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடால் மெதுவாக அறுங்கள். கண்ணாடிப் பலகையில் 80 எண் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் ஒட்டும் பக்கம் தட்டையாகும், தூளும் பறக்காது. முடி கருகும் வாடை வந்தால் எலும்பு சூடேறிவிட்டது, உடனே நிறுத்துங்கள். கருகிய இடம் வெடிக்கும், சாயமும் அங்கே வேறு நிறமாக ஏறும்.

3 மி.மீ. ஆணிக்கு 3.2 மி.மீ. துளை, விளிம்பிலிருந்து 6 மி.மீ. உள்ளே தள்ளி. இரு பட்டைகளையும் ஆணியோடு கத்தியில் தற்காலிகமாகப் பொருத்தி முழு வடிவத்தையும் இழைத்து முடியுங்கள். 320 எண் தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பளபளப்பான முகத்தில் சாயம் ஏறத் தயங்கும்.

நிறம்

பட்டைகளைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, அதன்பின் கையுறையோடு மட்டும் தொடுங்கள். விரல் ரேகையின் எண்ணெய்கூடச் சாயத்தில் தெரியும். வெட்டியெறிந்த துண்டு ஒன்றை முதலில் முக்கிப் பாருங்கள்.

இளம்பழுப்புக்குத் தேநீர்: லிட்டருக்கு 50 கிராம் தூள், கொதிக்கவைத்து வடிகட்டி, 60 டிகிரிக்கு ஆறியதும் பட்டைகளை ஒன்று முதல் மூன்று நாள் வரை ஊறவிடுங்கள்.

சிவப்பு, பச்சை, நீலத்துக்குக் கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் அமிலச் சாயம் வாங்குங்கள். கம்பளியும் புரதம், கொலாஜனும் புரதம், அதனால்தான் பிடிக்கிறது. பருத்திச் சாயம் அந்த அளவுக்குப் பிடிக்காது. லிட்டருக்கு 5 கிராம் சாயம், ஒரு மேசைக்கரண்டி வினிகர். 60 முதல் 70 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து, அதே தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுங்கள். நிறம் போதவில்லை என்று வினிகரைக் கூட்டுவது பெருந்தவறு: அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், மேற்பரப்பு மாவாகும்.

எடுத்ததும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடும். ஒரு காலத்தில் ரத்தக்குழாய் போன வழிகள் அவை. சாயம் முதலில் அங்கேதான் புகும். பிளாஸ்டிக்கில் வராத அந்த அழகுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஈரத்தில் நிறம் ஆழமாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும். ஆகவே வேண்டியதைவிடக் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் எடுங்கள். தண்ணீரில் அலசி, இரண்டு பலகைகளுக்கிடையே தாள் வைத்து லேசாகக் கிளாம்ப் போட்டு ஒரு வாரம் உலர்த்துங்கள். சும்மா விட்டால் பட்டை வளைந்துவிடும்.

பொருத்துவது

உட்பக்கத்தை மறுபடி 80 எண் தாளால் கீறி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகும் எபாக்சி பசை தடவுங்கள். கிளாம்பை அளவோடு இறுக்குங்கள், 24 மணி நேரம் விடுங்கள். ஆணித் தலையைச் சுத்தியலால் அடித்து விரிக்காதீர்கள். துளையிலிருந்து விளிம்புவரை ஒரே கோடாகக் கீறல் ஓடும், பசையே ஆணியைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியில் 600, 1000, 2000 எண் தாள்கள், கையால், ஈரமில்லாமல், மென்மையாக. விளிம்புகளில்தான் நிறம் முதலில் தேயும். வெள்ளை தெரிந்தால் மெழுகு போடும் முன்பே பஞ்சில் அதே சாயத்தை நனைத்து, சூடாக, பலமுறை ஒற்றியெடுங்கள். மெழுகு ஏறிய பிறகு சாயம் ஒட்டாது.