பாப்டிஸ்ட் சபைக்கு முதன்முறை போகிறீர்களா?

ஒரு விஷயம் தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும்: பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. இயேசுவைத் தானே விசுவாசித்து அறிக்கை செய்பவருக்குத்தான் கொடுப்பார்கள். 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆங்கிலேயர் சிலர் முதல் சபையாகக் கூடியபோதே இதுதான் கொள்கை. தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழும் முறை சில பத்தாண்டுகள் கழித்து வந்தது. அதற்கான தொட்டியைப் பல ஆலயங்களில் மேடைக்குப் பின்னால் பார்க்கலாம்.

ஆராதனையின் மையம் பிரசங்கம்தான், அரை மணி நேரத்துக்கு மேலும் போகும். வேதாகமம் கையில் இருந்தால் வசனங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், நிறையப் புரியும். காணிக்கைப் பை வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தயங்காமல் நகர்த்திவிடலாம்.

இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் கர்த்தருடைய பந்தியில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நிர்வகிப்பதால் வழக்கம் மாறும். சில இடங்களில் விசுவாசிகள் எல்லாரும் பங்கெடுக்கலாம், சில இடங்களில் அங்கத்தினர் மட்டும். போதகரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.

அப்புறம், முடிவில் சில சபைகளில், இயேசுவை விசுவாசிக்க முடிவெடுப்பவர்களை ‘முன்னே வாருங்கள்’ என்று அழைப்பார்கள். மனம் இல்லையென்றால் உட்கார்ந்தே இருக்கலாம். விசுவாசத்தில் கட்டாயம் கூடாது என்பது அவர்கள் தொடக்கத்திலிருந்தே பிடித்து நிற்கும் கொள்கை.