கிளிமானூர் போகிறவர்களுக்கு

கேரளத்துப் புனலூரில் எங்களுக்குப் படத்துக்குச் சட்டம் போடும் கடை. செங்கோட்டையிலிருந்து வந்து அப்பா தொடங்கியது. பழைய சரஸ்வதி, லட்சுமி படங்களைக் கண்ணாடி மாற்றக் கொண்டுவருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: ஒரு நாள் ஒதுக்கி, இதை வரைந்த ஓவியர் ராஜா ரவிவர்மாவின் வீட்டை, கிளிமானூர் அரண்மனையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆரியங்காவு வழியாக வருகிறவர்கள் புனலூர், அஞ்சல், ஆயூர் வந்து எம்.சி. ரோட்டில் (மெயின் சென்ட்ரல் ரோடு) தெற்கே திரும்ப வேண்டும். சடயமங்கலம், நிலமேல் தாண்டினால் கிளிமானூர். அரண்மனை என்ற பெயரைக் கேட்டு மைசூரை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். குளமும் கோயிலும் ஓட்டுக்கூரையுமாக இருக்கும் பெரிய வீடு அது. குடும்பத்தார் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள்; கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ரவிவர்மா உட்கார்ந்து படம் வரைந்த சித்திரசாலையில் நிதானமாக நில்லுங்கள். மாட்டியிருப்பவை பெரும்பாலும் நகல்கள்தான், ஏமாற வேண்டாம். எனக்கு அங்கே பெரிதாகத் தெரிவது சுவர்கள். 1848-ல் இங்கே பிறந்த பையன் கரித்துண்டால் சுவரெல்லாம் கிறுக்கினான் என்பார்கள். மாமா ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் படம் எழுதுகிறவர். அவர் பையனைத் திட்டவில்லை, உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பதினான்கு வயதில் திருவனந்தபுரத்துக்கும் கூட்டிப்போனார். அந்த மாமாவை நினைக்காமல் அந்த வீட்டைவிட்டு வர என்னால் முடிந்ததில்லை.

அப்புறம் மதியம் நீங்களும் திருவனந்தபுரம் போய்விடுங்கள். மியூசியம் வளாகத்தில் அசல் ஓவியங்கள் இருக்கின்றன, திங்கட்கிழமை விடுமுறை. முள் எடுப்பதுபோல் காலைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையின் முன் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். முதலில் எட்ட நின்று முகம், பிறகு கிட்டப் போய்ச் சேலை மடிப்பு.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் பூஜையறைப் படத்தை இறக்கிப் பாருங்கள். 1894-ல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில், நிறத்துக்கு ஒரு அச்சுக்கல் வைத்து அச்சடித்த படங்கள்தான் இப்படி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தன. என் பாட்டியின் லட்சுமிக்குச் சேலைக்கரை முழுக்க ஜரிகையும் சம்கியும் ஒட்டியிருக்கும், பாட்டியே ஒட்டியது. உங்கள் படத்திலும் அப்படி இருந்தால் பிய்க்காதீர்கள், ஈரத்துணியும் வேண்டாம். சட்டம் போடக் கொடுக்கும்போது, காகிதம் கண்ணாடியில் ஒட்டாதபடி நாலு ஓரத்திலும் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.