‘ஒரு தடவை கட்டினால் போதும்’: கிராமத்துச் சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகளிர் குழுக்களுக்குச் சேமிப்புக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. ஊர் பேர் தெரியாத கம்பெனியில் பணம் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரிந்தவர்களும் கோட்டை விடுகிற இடங்கள் வேறு.

டெபாசிட் என்று நினைத்துப் பாலிசியில் கையெழுத்துப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். நிலம் விற்ற பணமோ கரும்புப் பணமோ கணக்கில் விழுந்ததும் கவுன்டரில் ஒருவர் அன்பாகக் கூப்பிடுவார். “எஃப்டியை விட நல்லது இருக்கும்மா. ஒரு தடவை கட்டினா போதும், வயசான காலத்துல மொத்தமா வரும்.”

அப்படிக் கட்டிய அக்கா ஒருவர், பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்த உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தார். டெபாசிட் பத்திரமாம். பிரித்தால் ஆயுள் காப்பீடு. பிரீமியம் 1,00,000, வருடத்துக்கு ஒரு தவணை, செலுத்தும் காலம் 10 ஆண்டுகள். அவருக்கு வருமானம் இரண்டு மாடும் நூறு நாள் வேலையும். அடுத்த லட்சத்துக்கு எங்கே போவார்? பாதியில் நிறுத்தினால் போட்டது முழுதாகத் திரும்பி வராது.

கம்பெனியிலிருந்து போன் செய்து, வருடா வருடம் கட்ட வேண்டும், தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். “என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடுங்க” என்று முன்பே பாடம் நடந்திருந்தது. அந்தச் ‘சரி’ பதிவாகிவிட்டது. அப்புறம் புகார் கொடுத்தால் அதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. படிவத்தில் சர்க்கரை உண்டா, ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டிருந்தால் அது டெபாசிட் இல்லை. உறை வந்த அன்றே பிரியுங்கள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைச் செலவு போன்ற சிறு பிடித்தம் போக மீதி திரும்பி வரும். நாள் கடந்துவிட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அதற்குக் கட்டணம் இல்லை, பொறுமைதான் வேண்டும்.

அறுபது தாண்டியவருக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமே போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.

அடல் பென்ஷனைத் தள்ளிப்போடுவது

மாதாமாதம் கட்டி வந்தால் வயதான காலத்தில் பென்ஷன் தரும் மத்திய அரசுத் திட்டம் இது. அறுபதுக்குப் பிறகு மாதம் 5,000 ரூபாய் வர, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய். 40 வயதில் 1,454. நாற்பது தாண்டினால் சேர முடியாது.

நிபந்தனை இல்லாமல் நிலத்தை எழுதிக் கொடுப்பது

“பெத்த பையன்கிட்டப் போய் நிபந்தனையா?” என்பார்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போனால், அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.

நாமினி

உங்களுக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள யார் பெயர் நாமினியாக இருக்கிறது என்று வங்கியில் இன்றே கேளுங்கள். இறந்துபோன மாமனார் பெயரே இன்னும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.