வாடகை வீட்டுக்கு மனுப் போடுகிறீர்களா? 1,500 வெள்ளியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்கு மனுச் செய்பவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வார இறுதி வேலை. உட்கார்ந்ததும் பலரும் கேட்பது, "அக்கா, எங்க வருமானம் 1,500ஐத் தாண்டிடுச்சே, போடலாமா?"

போடுங்கள். குடும்பத்தின் மொத்த மாத வருமானத்துக்கு 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரம்பு உண்டுதான். ஆனால் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் குடும்ப நிலைமையைப் பார்த்து வீவக பரிசீலிக்கும். அந்த நிலைமை தாளில் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மற்ற விதிகளைச் சரிபாருங்கள். மனுதாரர் 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்கவேண்டும். தனியாள் என்றால் 35 வயது ஆகியிருக்கவேண்டும். பொதுவாக இன்னொரு தனியாளோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளவேண்டியிருக்கும். சொந்த வீட்டை விற்று 30 மாதம் ஆகவில்லையென்றால் அதுவே பெரிய தடை.

அப்புறம் சம்பளச் சீட்டு. போன மாதம் வந்த ஒரு துப்புரவுப் பணியாளர், கையில் வருவது 1,360 என்பதால் அதையே எழுதியிருந்தார். சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 1,700, அதில் மத்திய சேம நிதிக்கு, அதாவது கட்டாயச் சேமிப்புக்கு, 20 விழுக்காடு, 340 வெள்ளி, பிடித்திருந்தார்கள். வீவக பார்ப்பது பிடித்தத்துக்கு முந்திய தொகையை. குறைத்து எழுதினால் பிறகு விளக்கம் சொல்லி மாளாது. 1,700 என்றே எழுதி, கூடவே ஒரு கடிதம் வைக்கச் சொன்னேன்.

அந்தக் கடிதத்தில்தான் உங்கள் உழைப்பு வேண்டும். "மிகவும் கஷ்டப்படுகிறோம், கருணை காட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த அம்மா எழுதியது இப்படி: ஐந்து பேர் உள்ள குடும்பம், சம்பாதிப்பது நான் ஒருத்தி, கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், இப்போது இருக்கும் அறைக்கு வாடகை 900 வெள்ளி, ஆண்டு இறுதியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் இணைத்தோம்: மருத்துவச் சான்று, வாடகை ரசீது, வீட்டுக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் அச்சு. ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகள் தனி வீட்டில் இருந்தால், "அவர்களோடு ஏன் இருக்கமுடியாது?" என்ற கேள்வி நிச்சயம் வரும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம். கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள். மருமகளைப் பற்றிய புகார் வேண்டாம். ஈரறை வீட்டில் ஏற்கெனவே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று சொன்னால் போதும்.

மனுவை சிங்பாஸ் என்ற அரசு மின்-அடையாளக் கணக்கு வழியே இணையத்தில் போடலாம், வீவக கிளை அலுவலகத்திலும் போடலாம். மறுத்துவிட்டால் மனுவோடு வைத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். அவர் மேல்முறையீட்டுக் கடிதம் எழுதித் தருவார். வெறுங்கையோடு போனால் தொண்டூழியர் பத்து நிமிடத்தில் உங்கள் கதையைத் தட்டச்சு செய்யவேண்டியிருக்கும், பாதி விட்டுப்போகும்.

இந்த வரம்பை ஆள் கணக்கில் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. 1,400 வெள்ளி வாங்கும் தம்பதி வரம்புக்குள். 1,700 வெள்ளியில் ஐந்து பேர் சாப்பிடும் வீடு வரம்புக்கு வெளியே. கடிதம் எழுதத் தெரிந்தவருக்குக் கதவு திறப்பதும், தெரியாதவர் படிவத்தைப் பார்த்ததுமே திரும்பிப் போவதும் நியாயமா? விதியிலேயே தலைக்கு இவ்வளவு என்று போட்டுவிட்டால் என் வார இறுதி மிச்சமாகும்.

மாத வாடகை விவரம்: முதல்முறை மானியம் பெறுவோருக்கு, வருமானம் 800 வெள்ளிக்குள் என்றால் ஓரறைக்கு 26 முதல் 33 வெள்ளி, ஈரறைக்கு 44 முதல் 75. அதற்கு மேல் 1,500 வரை ஓரறைக்கு 90 முதல் 123, ஈரறைக்கு 123 முதல் 165. ஏற்கெனவே வீட்டு மானியம் வாங்கியவர்களுக்கு இதைவிடக் கூடும். ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. புதுப்பிக்கும்போது வருமானத்தை மறுபடி பார்ப்பார்கள், வாடகை ஏறலாம். அதற்காக ஓவர்டைமை விடாதீர்கள். வேலை போய் வாடகை கட்டமுடியாவிட்டால் பாக்கி சேரும்வரை காத்திருக்காமல் உடனே கிளையில் சொல்லி வாடகைக் குறைப்புக் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளை மட்டும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டில் மறுபடி கேட்பார்கள்.