பகலில் காணாத மிருகம்: நாம் போடும் தப்புக் கணக்குகள்

வேலூர்ப் பக்கம் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, அமிர்தி என்று காட்டோரத்து ஊர் எதில் பேச்சுக் கொடுத்தாலும் பெரியவர்கள் சொல்வது இதுதான்: "முன்னெல்லாம் நாலு மணிக்கே மான் தண்ணிக்கு இறங்கும். இப்ப ஒண்ணையும் காணோம்." காணோம் என்றதும் அழிந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறோம். பெரிய தவறு அது.

போன மாசியில் அமிர்திப் பக்கம் ஒரு குட்டையோரம் விடிகாலையில் நின்றிருந்தேன். சேற்றில் ரப்பர் செருப்புத் தடம், ஓரம் காய்ந்து விண்டிருந்தது. அதன் குதிகாலை மிதித்தபடி ஒரு மான் குளம்பு. அதன் விளிம்பு இன்னும் கூராக, ஈரமாக இருந்தது. மாடு மேய்த்தவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் மான் வந்திருக்கிறது. மான் இருக்கிறது, வரும் நேரம்தான் மாறிவிட்டது.

இது நம்மூர்ச் சங்கதி மட்டுமல்ல. 2018இல் ஆராய்ச்சியாளர் கெய்ட்லின் கெய்னர் குழுவினர் ஆறு கண்டங்களில் 62 வகைப் பாலூட்டிகள் பற்றிய 76 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மனிதத் தொந்தரவு கூடிய இடங்களில் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு ஆகியிருந்தது. பகல் பாதி, இரவு பாதி என்று உலவிய விலங்கு ஒன்றின் நடமாட்டத்தில் இப்போது 68 சதவீதம் இரவில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது சராசரிதான், எல்லா மிருகமும் இதே அளவுக்கு மாறும் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு.

"நாங்க வேட்டைக்கா போனோம்? சும்மா நடந்துட்டு வந்தோம்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அதே ஆய்வில், வெறுமனே நடக்கப் போகிறவர்கள் இருக்கும் இடத்திலும் வேட்டை நடக்கும் இடத்தைப் போலவே விலங்குகள் இரவுக்கு ஒதுங்கியிருந்தன. மானுக்கு நம் மனசு எப்படித் தெரியும்? இரண்டு கால் வருகிறது, அவ்வளவுதான். இதில் புளூடூத் ஸ்பீக்கர் வேறு.

ஆனால் எதற்கெடுத்தாலும் மனிதனையே குறை சொல்வதும் சரியில்லை. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் நாமே தலைகாட்ட மாட்டோம், மான் மட்டும் ஏன் வரும்? ஒப்பிடுவதென்றால் ஒரே பருவத்தில், ஆள் புழங்கும் குட்டையையும் புழங்காத குட்டையையும் பாருங்கள். முள்ளம்பன்றி, மரநாய், தேவாங்கு எல்லாம் முதலிலிருந்தே ராத்திரிக்காரர்கள். அவற்றைப் பகலில் தேடிவிட்டு இல்லை என்பது வேடிக்கை.

காட்டுப்பன்றி விஷயத்தில் ஏமாறுவது நாம்தான். மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் சாயங்காலம் பட்டாசு வெடித்து விரட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறோம். அது ஓடவில்லை, வேளையை மட்டும் மாற்றிக்கொள்கிறது. நள்ளிரவுக்கு மேல் வந்து கிளறிவிட்டுப் போகிறது.

குரங்குக்கோ இந்த வழியே கிடையாது. ராத்திரி மரத்தில் தூங்கும் பிராணி, இருட்டுக்குள் போய் ஒளிய முடியாது. அதற்குச் சாலையோரம் பிஸ்கட் போட்டால், ஒதுங்குவதற்குப் பதில் நம் பக்கமே வந்து நிற்கும். அதைப் பார்த்து "காட்டு மிருகமெல்லாம் பழகிப்போச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம்.

உயிருக்கே ஆபத்தாக முடியும் தவறு, விடிவதற்கு முன்னும் இருட்டும் நேரத்திலும் காடு காலி என்று நம்பி விறகுக்குத் தனியாகப் போவது. கரடி பகலில் பாறை இடுக்கிலோ புதரிலோ படுத்துக்கொண்டு, இந்த இரண்டு வேளையில்தான் அதிகம் நடக்கும். தாய்க் கரடி முதுகில் குட்டியைச் சுமந்து வரும்போது திடுக்கிட்டால் தாக்கிவிடும். விடிந்த பிறகு போங்கள், இரண்டு பேராகப் போங்கள், சாதாரணமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலும் அது விலகிவிடும்.

அந்தக் குட்டைக்கு வரும் மேய்ப்பரிடம், கோடையில் மூன்று மணிக்கு மேல் அதை மானுக்கு விட்டுவிடலாமே என்று சொன்னேன். "என் மாடு எங்க சார் போய்க் குடிக்கும்?" என்றார். நியாயம்தான். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே இருக்கிற தொட்டியில் தண்ணீர் விட்டால் திருப்பிவிடலாம் என்றார்.